விழுந்ததாகச் சொல்கிறார்

வைத்தியசாலையின் பதிவறையில் எனக்கு வேலை. வீட்டுக்குப் போன நோயாளிகளின் டிக்கெட்டுகள், வார்டில் அவர்கள் நோய் விவரம் எழுதும் தாள்கள், என் மேசைக்கு வரும். டொக்டர் அதில் எழுதிய நோய்க்குத் தடித்த புத்தகம் ஒன்றில் குறியீடு தேடிப் போட வேண்டும். நரம்பு வலி, காரணம் தெரியாது என்றால் எம் எழுபத்தொன்பது புள்ளி இரண்டு. அதற்கு நான் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. எங்கள் மாவட்டத்தில் அவ்வளவு வருகிறது.

காரணம் கேட்டால் எல்லாரும் விழுந்ததாகத்தான் சொல்கிறார்கள். வரம்பில் வழுக்கியதாம், சைக்கிளால் விழுந்ததாம். வன்னியில் நிமிர்ந்து நடப்பவரே இல்லையோ என்று எனக்கு எரிச்சல் வரும். டிக்கெட்டில் இல்லாததை நான் எழுதக் கூடாது. போரில் வெடித்த செல்லின் துண்டு பட்டது என்று வாய் திறந்து சொன்னால்தானே டொக்டர் அதற்கேற்ற வைத்தியம் பார்ப்பார்?

ஸ்கந்தபுரத்தில் மிளகாய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் அக்கா ஒருவர் தன் டிக்கெட்டின் பிரதி கேட்டு வந்தார். போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த முகாமில் எனக்குப் பக்கத்துக் கூடாரம். முதுகில் துண்டு இருப்பது எனக்குத் தெரியும். டிக்கெட்டிலோ விழுந்ததாக இருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனக்கா டொக்டரிட்டப் பொய் சொன்னீங்கள்? மூண்டு வருசமா விற்றமின் குளிசைதானே தருகினம்?"

"துண்டு பட்டதெண்டு சொன்னா, பக்கத்தில ஆர் இருந்தவை எண்டு கேப்பினம், தங்கச்சி. விழுந்தனான் எண்டா ஒண்டும் கேக்க மாட்டினம்."

நான் வாயடைத்துப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவரை இன்னும் நாலு வார்த்தை ஏசித்தான் அனுப்பினேன்.

போன மாரியில் என் வலது கை எரியத் தொடங்கியது. பேனை பிடிக்க முடியவில்லை. வார்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டொக்டர் இளம் பெடியன், நல்ல பிள்ளை. முழங்கைக்கு மேலிருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா? துண்டு ஏதும் உள்ளுக்க இருக்கோ?"

ஓம் என்றால் போதும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். செல் விழுந்தபோது அந்தக் கையில்தான் என் மகளைத் தூக்கி வைத்திருந்தேன். அவளுக்கு நாலு வயது. மூச்சு நின்ற அவளை அங்கேயே கிடத்திவிட்டுத்தான் மற்றவர்களோடு நடந்தேன்.

"இல்லை டொக்டர். கிணத்தடியில விழுந்தனான்."

அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பியபோது மற்ற டிக்கெட்டுகளுக்கு நடுவில் என்னுடையதும் இருந்தது. நரம்பு வலி. விழுந்ததாகச் சொல்கிறார். விற்றமின் குளிசை. அந்த அறையில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் டிக்கெட்டில் இல்லாததை எழுதக் கூடாது. விரல்கள் எரிய எரிய எம் எழுபத்தொன்பது புள்ளி இரண்டு என்று போட்டேன். காரணத்துக்கு, விழுந்தவர்களுக்குப் போடும் குறியீடு. இரண்டாவது தடவையும் மகளை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.