லேபிள் இல்லாத பாட்டில்

பாரிஸில் நான் மாத்திரை வாங்கும் மருந்துக்கடைப் பெண், வரிசையில் ஆறேழு பேர் நிற்கும்போதே என் மருந்துகளின் பெயரை உரக்கப் படித்துக் கொடுப்பாள். ஒன்று எச்.ஐ.வி.க்கு, இன்னொன்று, அந்த மருந்தை வருஷக்கணக்காகச் சாப்பிட்டதில் இரத்தத்தில் ஏறிய கொழுப்புக்கு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் காது சுடும். கொழுப்பு ஏறியதைச் சொன்ன அன்று நான் அழுதேன். டாக்டர் பயம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஊரில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு நோய் எனக்கும் வந்துவிட்டதே என்ற நிம்மதி அது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு அதைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை. அவர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: கண்ட கொழுப்பு மாத்திரையை எச்.ஐ.வி. மருந்தோடு சேர்க்கக் கூடாது, சிறுநீரகமே கெட்டுவிடலாம்.

போன வருஷம் அக்கா மகள் கல்யாணத்துக்காக விருத்தாசலம் போனேன். புறப்படும் முன் எச்.ஐ.வி. மாத்திரை பாட்டிலின் லேபிளைச் சுரண்டி எடுத்தேன். கொலஸ்ட்ரால் மாத்திரை என்று அக்காவிடம் சொல்லி அலமாரியில் வைத்தேன். வெளிநாட்டுக்காரன் கொண்டுவரும் தைலமும் மாத்திரையும் வீட்டுக்கே பொது என்ற எங்கள் வழக்கம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

கல்யாணத்தில், நான்கு பேர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் விருந்து. பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர். செராமிக் பட்டறையில் ஃபியூஸ் கட்டை செய்பவர். கொழுப்புக் கறியை என் பக்கம் தள்ளினார். நான் ஒதுக்கினேன்.

“சும்மா சாப்பிடு மாப்ள. எனக்குந்தான் கொலஸ்ட்ராலு. நாலு நாளா ஒன் பாட்டில்லேருந்துதான் போட்டுக்கிறேன். நம்ம டாக்டர் குடுத்ததும் சேத்து, டபுள் டோஸு.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். பேசாமலிருந்தால் இன்று இரவும் போட்டுக்கொள்வார். பேசினால் இந்தச் சஹனில் எனக்கு இனி இடமிருக்குமா? கை கழுவும் குழாயடிக்கு அவரைக் கூட்டிப்போய்ச் சொன்னேன். குழாயை மூடாமலே நின்றார்.

“ஒங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது மச்சான். மொதல்ல டாக்டர்கிட்ட வாங்க.”

இரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. சிறுநீரகம் கெடவில்லை. டாக்டர் அவரைத்தான் திட்டினார். மச்சான் அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

நான் கிளம்பும் நாளில், தன் சூளையில் சுட்ட சின்ன வெள்ளைத் தட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்தார். “அளவா சாப்பிடணும்ல, ஒனக்குன்னு செஞ்சேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கே தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இந்தத் தட்டையும் எடுத்துப்போக வேண்டுமா என்று தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் துணிவில்லை.