விவாதத் தம்போலா

எங்கள் ஆர்.எஸ்.புரம் குடியிருப்பில் அரசியல் விழிப்புணர்வு பொங்கி வழிகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொலைக்காட்சி விவாதத்தைப் பெரிய திரையில் காட்டுகிறோம் என்று சங்கச் செயலாளர் அழைத்தபோது வந்தவர்கள் மூன்று பேர். அதில் இருவர் ஏசிக்காக வந்தவர்கள். மறு சனிக்கிழமை பெண்கள் நாங்கள் பொறுப்பேற்றோம். எங்கள் வழக்கமான தம்போலாவில் எண்களைத் தூக்கிவிட்டு, தலைவர்கள் ஓயாமல் சொல்லும் வசனங்களை டிக்கெட்டில் அச்சடித்தோம். ‘என்னைப் பேச விடுங்கள்’, ‘கடந்த ஆட்சியில்’, ‘உரிய இழப்பீடு வழங்கப்படும்’. திரையில் யாராவது சொன்னால் அந்தக் கட்டத்தை அடிக்க வேண்டும்; எல்லாக் கட்டங்களையும் முதலில் அடிப்பவருக்கு ‘ஃபுல் ஹவுஸ்’ பரிசு. அரங்கு நிரம்பிவிட்டது. ஜனநாயகத்துக்கு இத்தனை நாளும் ஒரு டிபன் பாக்ஸ் பரிசுதான் குறைவாக இருந்திருக்கிறது.

அன்று என் தம்பி பவானியிலிருந்து வந்திருந்தான். அரசு போடப்போகும் புறவழிச்சாலை அவனுடைய தென்னந்தோப்புக்கு நடுவே போகிறது. விவாதமும் அந்தச் சாலையைப் பற்றித்தான். தோப்பு தப்புமா என்று கேட்க வந்தவன் கையிலும் ஒரு டிக்கெட்டைத் திணித்துவிட்டார்கள்.

“ஏனுங்க அக்கா, ரோட்டைத் தள்ளிப் போடுவாங்களான்னு சொல்லுவாங்களா?” என்றான்.

“அது டிக்கெட்டுல இல்லியே கண்ணு” என்றேன்.

திரையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இங்கே நாற்பது பேர் கட்டம் அடித்தார்கள்.

“கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. அவரு ஏதோ சர்வே நம்பர் சொல்றாருங்க” என்று தம்பி கெஞ்சினான். அவர் சொன்னது தன் கட்சி எத்தனை முறை ஆட்சிக்கு வந்தது என்பதை.

கடைசியில் எதிரும் புதிருமான இரு தரப்பும் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டன. சாலை போட்ட திட்டப்படியே போகும். உரிய இழப்பீடு வழங்கப்படும். தம்பி பேனாவை எடுத்து மெதுவாக, தன் டிக்கெட்டில் மிச்சமிருந்த அந்தக் கட்டத்தை அடித்தான். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“அட, தம்பி ஃபுல் ஹவுஸ் அடிச்சுப்போட்டாருங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் டிபன் பாக்ஸை நீட்டினார். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ரொம்பச் சந்தோசமுங்க. இழப்பீடுன்னு சொன்ன ஒடனே கையில கொண்டாந்து குடுத்தது நீங்க மட்டுந்தானுங்க.”

நல்ல நகைச்சுவை என்று மறுபடியும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.