எலுமிச்சைக்குப் பொங்கும் கல்

என் அடுப்புத் திட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல் கிடக்கிறது. கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் சின்னதாக ஒரு குழி. கல் அவள் கொடுத்தது. குழி நான் உண்டாக்கியது. அவள் என்றால், தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்த அறிவியல் டீச்சர். அவளை எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் அப்படித்தான்.

நான் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் என் சமையல்கட்டுக்குள் பெரிய டீச்சர்கூடக் கேட்டுவிட்டுத்தான் நுழைவார். எலுமிச்சைச் சோறு போடும் நாளென்றால் பிள்ளைகள் காலையிலேயே வாசலில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகும். அப்படி ஒரு நாள், சோற்றை ஆறப்போட்டுவிட்டுத் திரும்பினால், புளியங்குடிச் சந்தையிலிருந்து வந்த பழக்கூடையைக் காணோம். வேப்பமரத்தடியில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, அவள் என் பழங்களைப் பிழிந்துகொண்டிருந்தாள். எதில்? கல்லில்! அவள் ஊர் திருவேங்கடம் பக்கம். அங்கே கரிசல் காட்டை உழுதால் புரண்டு வரும் சுக்கான் கல்லை, அதுதான் அந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை, பை நிறைய அள்ளி வந்திருந்தாள். சாறு விழுந்ததும் கல் சுர்ரென்று நுரைத்தது. கடைச் சாக்பீஸில் விட்டால் சும்மா ஊறிப்போனது. “பூமிக்குள்ளயே விளைஞ்ச சாக்பீஸ் இதுதான். கடையில விக்கது வேற பொடி” என்று அவள் சொல்ல, பிள்ளைகள் கைதட்டின.

“யாரைக் கேட்டு எடுத்தே?” என்றேன்.

“பாடத்துக்குத்தான ஆச்சி? இன்னும் நாலு பழம் இருக்கு பாருங்க.”

“நாலு பழத்துல இத்தனை பிள்ளைக்கும் சோறு கிண்டச் சொல்லுதியா? கல்லு திங்குமா, பிள்ளை திங்குமா?”

சிரித்தாள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே எடுப்பார்கள். நாம்தான் சண்டைக்காரி ஆவோம். புளியைக் கரைத்து ஊற்றிச் சமாளித்தேன். ஒரு பொடிசு தட்டை நீட்டிக்கொண்டே, “ஏன் ஆச்சி, எலுமிச்சஞ்சோறுன்னுல்லா சொன்னிய?” என்று கேட்டது. சொன்ன சோற்றைப் போடாமல் அதுவரை நான் ஒரு பிள்ளை முன்னால் நின்றதில்லை. பெரிய டீச்சரிடம் போனேன். “புதுமாதிரிப் பாடம் நடத்துதா, விடுங்க” என்றார். மறுநாளே கூடையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன்.

அடுத்த வாரம் அவள் சன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கேட்கவில்லை, நின்றாள். பிழிந்து முடித்த தோல்களைச் சன்னல் திட்டில் கொட்டி, “இது போதும்லா?” என்றேன். அள்ளிக்கொண்டு போனாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. நான் கையில் கொடுத்ததில்லை. அவள் நன்றி சொன்னதில்லை.

சாரல் தொடங்கிய சமயம் பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப் போனாள். சோற்றுத் தூக்கோடு நானும் போகவேண்டியதாயிற்று. ஆற்றோரப் பாறையில் அந்தக் கல்லைக் கொண்டே படம் வரையவிட்டாள். அருவி, குரங்கு, பஸ் என்று வரைந்தார்கள். ஒருத்தி என்னை வரைந்திருந்தாள். தலை அளவுக்குச் சாவி, சாவியைவிடப் பெரிய வாய்.

“ஏட்டி, எனக்கு வாய் இம்புட்டாட்டி இருக்கு?”

“நீங்க பேசும்போது பாத்து வரைஞ்சிருக்கா ஆச்சி” என்றாள் டீச்சர். பிள்ளைகள் உருண்டு சிரித்தன.

சாரல் இறங்கியது. மழைத் தண்ணீர் இந்தக் கல்லைப் பல காலம் எடுத்துக் கரைக்கும் என்று அவள் அதையும் பாடமாக்கிவிட்டாள். நான் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி அழிந்தது, முகம் அழிந்தது. வாய் மட்டும் கடைசிவரை கிடந்தது. அழுத்தி வரைந்திருக்கிறாள், சண்டாளி.

மாற்றலாகிப் போன அன்று டீச்சர் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சன்னல் திட்டில், தோல் கொட்டும் இடத்தில், இந்தக் கல் இருந்தது. தூக்கி எறியத்தான் எடுத்தேன்.

இப்போது என் ஒருத்திக்குத்தான் சமையல். ஒரு பழம் போதும். பூட்டி வைக்கக் கூடையில்லை; சன்னலில் வந்து நிற்க ஆளுமில்லை. பிழிந்த பாதியைக் கல்லின் குழியில் வைத்து அழுத்துகிறேன். சுர்ரென்று பொங்குகிறது.

“வாயை மூடுட்டி” என்கிறேன்.

மூடமாட்டேன் என்கிறது. மற்றப் பாதியை எடுக்கிறேன்.