ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்

அவளுக்குச் சுத்தியல் என்று பெயர் வைத்தது அவளிடம் அடி வாங்கியவர்கள்தான். இடது கையால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பாள், பிறகு வலது கையை இறக்குவாள். ஆணியை நிறுத்தி வைத்து அடிக்கிற மாதிரி இருக்கும். அந்த அடியில் ஒருத்திக்கு விலா எலும்பு விரிசல் விட்டது. இன்னொருத்திக்கு மேலுதடு கிழிந்து, ரிங்கின் துணித் தரையில் ரத்தம் கோடு போட்டது. சுத்தியல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் மூலைக்குப் போய் வாயைக் கொப்பளித்து வாளியில் துப்பினாள். அதிலும் சிவப்பு இருந்தது.

வயது முப்பத்தொன்று. பகலில் கோழிக்கறித் தொழிற்சாலையின் குளிர் அறையில் எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற வேலை. மாலையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த குத்துச்சண்டைக் கூடம். வீடு என்று இரண்டாம் மாடியில் இரண்டு அறை. கூட இருந்தது தங்கச்சி ஒருத்திதான், நாலு வயது இளையவள். அவளுக்கு லாரிகளை எடை போடும் நிலையத்தில் வேலை. ஏற்றி வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை, இரண்டையும் எழுதி முத்திரை குத்த வேண்டும்.

"நாள் முழுக்க லாரியை நிறுக்கிறவ, வீட்டுக்கு வந்து என்னை நிறுக்கிறா" என்று சுத்தியல் கூடத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அது உண்மைதான். அக்காவின் சாப்பாட்டு நோட்டு தங்கச்சி கையில்தான் இருந்தது. சுத்தியல் மோதியது ஐம்பத்தேழு கிலோ பிரிவில். அவள் உடம்போ அறுபத்திரண்டில் நிற்க விரும்புகிற உடம்பு. அந்த ஐந்து கிலோவோடுதான் அவளுடைய உண்மையான சண்டை. திங்கள் முதல் சனி வரை உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டையின் வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய். எத்தனை கிராம் என்று எல்லாமே நோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டு அவிழும். கூடத்தில் அதற்கு 'சீட் டே' என்று பெயர். அன்றைக்கு இஷ்டப்பட்டதைத் தின்னலாம், நோட்டில் அந்தப் பக்கம் காலியாக இருக்கும்.

பயிற்சியாளரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். மூன்று முறை உடைந்த மூக்குக்காரர். "ஒரு நாள் மூச்சு விடட்டும். எழுதாதீங்க" என்பது அவர் கட்சி.

போன வருடப் போட்டியில்தான் பிரச்சினை வெடித்தது. எடை பார்க்கும் காலையில் முந்நூறு கிராம் கூடுதல். நாற்பது நிமிடம்தான் பாக்கி. இரண்டு ஸ்வெட்டர், மேலே பிளாஸ்டிக் உறை, அதற்குள் வேர்வையில் வெந்துகொண்டே சுத்தியல் கயிறு தாண்டினாள். எச்சில் போனாலும் எடை குறையும் என்று வறண்ட வாயிலிருந்து ஒரு பாட்டிலில் துப்பித் துப்பிப் பார்த்தாள். கடைசியில் மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்து, இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டினார். முள் ஐம்பத்தேழில் நின்றது. மறுநாள் ரிங்கில் அவளால் நிற்க முடியவில்லை. இரண்டாவது சுற்றில் தாடைக்கு அடியில் ஒன்று வாங்கினாள். கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. முகம் குப்புற விழுந்தாள். நடுவர் எண்ணி முடித்த பிறகும் எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி நோட்டை விரித்தாள்.

"சனிக்கிழமை நீ அம்பத்தொம்பது. திங்கக்கிழமை அறுபத்தொண்ணரை. நடுவுல இருந்தது ஒரே ஒரு நாள். ரெண்டரை கிலோ எங்கிருந்துக்கா வந்துச்சு?"

"எல்லாம் தண்ணி."

"தண்ணியாவே இருக்கட்டும். எழுதினா என்ன கொறஞ்சு போயிடும்?"

"எழுதினா அது சீட் டேயே இல்லடி. ஆறு நாள் ஜெயில்ல கெடக்கேன். ஏழாவது நாளும் ஜெயிலரைக் கூட்டிக்கிட்டே போகச் சொல்றியா?"

"சீட்னா ஏமாத்துறது. யாரை ஏமாத்துறேன்னு மட்டும் சொல்லு."

"உன் வேலையைப் பாரு."

பார்த்துக்கொண்டிருந்த வேலையைத்தான் தங்கச்சி தொடர்ந்தாள், அக்காவுக்குத் தெரியாமல். குப்பைக் கூடையில் உறைகளை எண்ணினாள். எலும்புகளை எண்ணினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே போய், பேக்கரியில் அக்கா நின்றபடியே ஒரு முழு கேக்கை ஐந்து நிமிடத்தில் தின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அது ஆசைப்பட்டுத் தின்கிற மாதிரி இல்லை. யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவது போல இருந்தது. அன்று சாயங்காலம் குளியலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது.

எல்லாவற்றையும் காலியாக இருந்த பக்கங்களில் பென்சிலால் எழுதி வைத்தாள்.

அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சுத்தியல் நோட்டைப் புரட்டினாள். காலியாக இருக்க வேண்டிய பக்கம் நிறைந்திருந்தது. பொரித்த கோழி ஏழு துண்டு. கேக் ஒன்று, முழுசு. ரொட்டி, வெண்ணெய். ஐஸ்க்ரீம் பெரிய டப்பா. அதற்குக் கீழே, கோழி எத்தனை துண்டு என்று எழுதிய அதே கையெழுத்தில், 'வாந்தி, இரண்டு தடவை.'

பின்னோக்கிப் புரட்டினாள். எட்டு வாரப் பக்கங்களிலும் அந்தக் கடைசி வரி இருந்தது.

தங்கச்சி அடுப்பு முன்னால் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னடி?"

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. "நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்க்கா. விரலை விட்டு எடுக்குறது சாப்பாடு இல்ல, நோவு. டாக்டர்கிட்ட போலாம், வா."

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டியா?"

"கேட்டேன். வாராவாரம் கேட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. இடது கை தட்டிப் பார்க்கவில்லை. வலது கை நேராகப் போனது. உறை இல்லாத, துணி சுற்றாத வெறும் கை. பன்னிரண்டு வருடப் பயிற்சி முழுவதும் அந்த ஒரு அடியில் இருந்தது. விறகு பிளக்கிற மாதிரி ஒரு ஒலி. தங்கச்சியின் தலை அலமாரிக் கதவில் மோதித் திரும்பியது. ஒரு பல் தரையில் உருண்டு மேசைக்கு அடியில் போயிற்று. அவள் சரிந்து உட்கார்ந்து, தொங்கிப்போன தாடையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்தது.

ரிங்கில் யாராவது விழுந்தால், நடுவர் எண்ணி முடிக்கும் வரை அடித்தவள் நடுநிலை மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. சுத்தியலின் கால்கள் தாமாகவே இரண்டு அடி பின்வாங்கின. ஜன்னல் ஓரத்தில் போய் நின்றாள். எண்ணுவதற்கு அங்கே யாருமில்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாக எக்ஸ்ரே காட்டியது. டாக்டரம்மா எப்படி நடந்தது என்று கேட்டார். தங்கச்சி ஒரு காகிதம் வாங்கி எழுதினாள்: 'படியில் விழுந்தேன்.'

"பொய். நான்தான் அடிச்சேன்" என்றாள் சுத்தியல்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டார். தங்கச்சி அதே காகிதத்தை நீட்டினாள். புகார் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது அவர் சுத்தியலைப் பார்த்த பார்வையை அவள் வெகுநாள் மறக்கவில்லை. அன்று மாலை மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து போய், அவளுடைய கையுறைகளை ஆணியிலிருந்து கழற்றி அவள் மடியில் போட்டார்.

"ரிங் கயித்துக்கு இந்தப் பக்கம் கை நீட்டினவளுக்கு இங்க எடமில்ல. போ."

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டித் தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் வாய் திறக்காது. குழாய் வழியாகக் கஞ்சி, பால், வடிகட்டிய சூப். எடை குறைந்துகொண்டே போகும் என்பதால் என்னென்ன, எவ்வளவு உள்ளே போகிறது என்று நாள் தவறாமல் எழுதி வரச் சொன்னார் டாக்டரம்மா. அதோடு கம்பி வெட்டும் சிறிய குறடு ஒன்றைச் சுத்தியலின் கையில் கொடுத்தார்.

"இது எப்பவும் உங்க பையில இருக்கணும். அவங்களுக்கு வாந்தி வந்தா வாய் திறக்காது, மூச்சு அடைச்சிடும். முன்பக்கமா சாய்ச்சுப் பிடிங்க. அப்படியும் வெளியேறலன்னா கம்பியை வெட்டணும். யோசிக்கக் கூடாது."

வாந்தி என்ற சொல்லைக் கேட்டபோது அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பத்தாவது நாள் மதியம் அது நடந்தது. சூப் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. தங்கச்சியின் கண்கள் விரிந்தன. தோள் குலுங்கியது. கட்டிய பற்களுக்குப் பின்னால் தொண்டை பொங்கி, மூக்கு வழியாகப் பீறிட்டது. முகம் நீலம் பாய்ந்தது. மூச்சு வராத அவள், எதிரில் இருந்த அக்காவையே அடித்தாள், கன்னத்தில், காதில், கண்ணில். சுத்தியல் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. இடுப்பைச் சுற்றிப் பிடித்து அவளைத் தலைகீழாக முழங்காலின் மேல் கவிழ்த்தாள். முதுகில் அறைந்தாள். வரவில்லை. குறடை எடுத்தாள். கோழி எலும்பில் நாளெல்லாம் கத்தி ஓட்டுகிற கைதான். அப்படியும் முதல் கம்பியை வெட்டும்போது குறடு வழுக்கி ஈறு கிழிந்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் வாய் ஒரு விரல் அகலம் திறந்தது. உடைந்த எலும்பு அசைந்த வலியில் தங்கச்சி ஊளையிட்டாள். சூப்பும் ரத்தமும் கோழையும் தரையெல்லாம் கொட்டின. பிறகு ஒரு மூச்சு, கிழிசல் துணி மாதிரி, உள்ளே போயிற்று.

ஈரத் தரையில் இருவரும் அப்படியே கிடந்தார்கள். குளியலறையில் எனக்கு நானே இதைத்தான் வாராவாரம் செய்துகொண்டிருந்தேன் என்று சுத்தியல் நினைத்தாள். எட்டு வாரம் என்றுதான் நோட்டு சொன்னது. நோட்டுக்குத் தெரியாமல் மூன்று வருடம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி கம்பி கட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா சுத்தியலின் முகத்தை விளக்கடியில் திருப்பினார். வாயைத் திறக்கச் சொன்னார். முன்பற்களின் பின்பக்கம் கரைந்து மெலிந்திருந்தது.

"இது குத்துப்பட்டு ஆனதில்ல. எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

வேறு யாருக்கும் சொல்லாததை அன்றைக்கு நின்றபடியே சொன்னாள். ஆறு நாள் பசி, ஏழாம் நாள் வெறி, அதன் பிறகு விரல், கடைசியில் நோட்டுக்காக வந்த சண்டை. சொல்லும்போது தங்கச்சி படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த ஒரு நாளை எழுதணுமா வேண்டாமான்னு ரெண்டு பேரும் மண்டையை உடைச்சிக்கிட்டீங்க. ஆறு நாள் பூட்டி வெச்ச வீட்டுல ஏழாம் நாள் கொள்ளைதான் நடக்கும். என்னென்ன களவு போச்சுன்னு பட்டியல் போட்டா திருடன் நிப்பானா? பூட்டைத் தொறங்க. தினமும் பசிக்கு சாப்பிடுங்க. இதுக்குன்னே வைத்தியம் பாக்குறவங்க இருக்காங்க, அவங்களுக்கு சீட்டு எழுதித் தரேன்."

"அப்ப அம்பத்தேழு?"

"அந்த நம்பர் உங்க உடம்போடது இல்லம்மா."

நாலாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுத்தியல் தங்கச்சியின் பால் அளவை எழுதப் பேனாவைத் திறந்தாள். தங்கச்சி கையை நீட்டித் தடுத்து, பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தில் எழுதினாள்: 'இன்னிக்கு லீவு.' அது கேலியா, குத்தலா, மன்னிப்பா என்று அக்காவுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கம்பிக்குள்ளிருந்து தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி வந்தது. வலியில் கண்ணீர் வந்தது. கடைசியில் அழுதது இரண்டு பேரும்தான்.

ஆனாலும் கம்பி எடுத்த மாதம் தங்கச்சி தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். "கோபம் இல்லக்கா. ராத்திரி நீ தண்ணி குடிக்க எழுந்தாக்கூட எனக்குத் தூக்கி வாரிப் போடுது" என்றாள்.  பெட்டியைச் சுத்தியலே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள்.

வைத்தியத்துக்கு ஒழுங்காகப் போனாள். இரண்டு முறை பழையபடி குளியலறையில் மண்டியிட்டாள், இரண்டு முறையும் அங்கே போய்ச் சொன்னாள். எட்டு மாதம் கழித்து மாஸ்டரின் கூடத்து வாசலில் போய் நின்றாள். அவர் உள்ளே கூப்பிடவில்லை. மறுநாளும் நின்றாள். மூன்றாம் வாரம், "தரையைத் தொடை" என்றார். ஒரு மாதம் தரை துடைத்த பிறகு கையுறை போட விட்டார்.

அறுபத்துமூன்று கிலோ பிரிவில் மோதினாள். எதிரில் வந்தவள் அவளைவிட அரைத் தலை உயரம், கை நீளம். முதல் சுற்றிலேயே சுத்தியலின் மூக்கு உடைந்தது. தொண்டையில் இறங்கிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே முன்னேறினாள். இரண்டாம் சுற்றில் இடது கண் வீங்கி மூடியது. ஒற்றைக் கண்ணால் தேடி, விலாவில் ஒன்று இறக்கினாள். நெட்டைக்காரி மடிந்து முழங்காலிட்டு, எட்டு எண்ணும்போது எழுந்தாள். மூன்றாம் சுற்றில் இருவரும் தற்காப்பை மறந்து நெற்றியோடு நெற்றி முட்டி அடித்துக்கொண்டார்கள். ஒரு குத்தில் சுத்தியல் கயிற்றில் போய் மோதித் திரும்பினாள். கால்கள் நின்றன. மணி அடித்தபோது நின்றுகொண்டுதான் இருந்தாள். புள்ளிக் கணக்கில் தோற்றாள்.

தங்கச்சி அந்தப் போட்டிக்கு வரவில்லை. அதன் பிறகும் எந்தப் போட்டிக்கும் வந்ததில்லை. யாராவது ஓங்கிக் குத்துவதைப் பார்க்க அவளால் ஆகாது. மறுநாள் மதியம் மட்டும் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு சுத்தியல் சமைத்தாள். தங்கச்சி அடுப்பு முன்னால் நின்று கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் தட்டு எடுக்க வேண்டியிருந்தது. சுத்தியல் கையைத் தூக்கவில்லை. முதலில் கொஞ்சம் தள்ளி நின்று குரல் கொடுத்தாள்.

"நான்தான்டி. பின்னால வரேன். தட்டு எடுக்கணும்."

தங்கச்சியின் தோள் ஒரு கணம் இறுகி, பிறகு தளர்ந்தது. "ம், எடுத்துக்கோ" என்றாள்.