ஃபைட்டர் வந்த சாயங்காலம்

சின்னமனூரில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், நாங்கள் மூன்று டீச்சர்கள் சேர்ந்து ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் தமிழ், ஒருத்தி கணக்கு, இன்னொருத்தி விளையாட்டு. மூவருமே வீட்டைவிட்டு வெளியே தங்குவது அதுதான் முதல் தடவை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் மிக்சர் தின்றாலும் கேட்க ஆளில்லை. அந்தத் துணிச்சலில்தான் ஹாலில் மீன்தொட்டி வைத்தோம். கப்பிகள், கறுப்பு மோலிகள், ஒரு ஜோடி கௌராமி. சண்டை சச்சரவில்லாத குடும்பம்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போன விளையாட்டு டீச்சர், கழுத்தில் விசிலும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாகத் திரும்பி வந்தாள். பைக்குள் ஒரு மீன். கருநீல உடம்பு, சிவப்பு வால். பட்டுப் பாவாடையை விரித்ததுபோல அந்த வால் பை முழுக்கப் பரவியிருந்தது.

"ஃபைட்டர்டீ!" என்றாள். "பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன்."

"கடைக்காரரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் கணக்கு டீச்சர்.

"தனியாத்தான் வைக்கணுமாம். கூட வேற மீனு இருந்தா வாலைக் கடிச்சிருமாம்."

"அப்புறம் எதுக்கு இங்க கொண்டாந்த?"

"பாட்டில்ல ஒத்தையா கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சுடீ."

கணக்கு டீச்சர் முடியாது என்றாள். ஒரு கப்பிக்கு ஏதாவது ஆனாலும் தான் வீட்டைக் காலிசெய்துவிடுவதாகச் சொன்னாள். கடைசியில், விட்டுப் பார்ப்பது, முறைத்தால் உடனே எடுத்துவிடுவது என்று முடிவானது. தொட்டி விளக்கை அணைத்தோம். பழைய மீன்கள் இடத்துக்குச் சொந்தம் கொண்டாடாமல் இருக்கக் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றினோம். பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஊற்றினோம். பிறகு விளையாட்டு டீச்சர் பையைச் சரித்தாள். ஃபைட்டர் அவசரமே இல்லாமல் வெளியே வந்தது.

தொட்டிக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்ததுதான் தாமதம், செவுளை விரித்துக்கொண்டு சிலிர்த்தது. அதே நேரம் எங்கள் கப்பிகளிலேயே பெரிய வால்காரன் ஒன்று நேராக அதன் முகத்துக்கு எதிரே போய் நின்றது. விளையாட்டு டீச்சர் என்ன நினைத்தாளோ, விசிலை வாயில் வைத்து ஓங்கி ஊதிவிட்டாள்.

ஃபைட்டர் திரும்பிப் போனது. விசிலுக்குக் கட்டுப்பட்ட மீன் என்று நாங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஓனரக்கா மேலே ஏறி வந்தார்.

"என்ன டீச்சர், வீட்டுக்குள்ள விசில் அடிக்கிறீக?"

விஷயத்தைச் சொன்னோம். "அப்ப நானும் பாக்குறேன்" என்று அவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்த மறுநிமிடம் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் தண்ணீரில் சளக்கென்று ஒரு சத்தம். "கடிச்சிருச்சு!" என்று கணக்கு டீச்சர் என் கையைக் கிள்ளினாள். அக்கா கீழே ஓடி டார்ச் கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தோம். கப்பி, மோலி, கௌராமி எல்லாம் பத்திரம். ஃபைட்டரைத்தான் காணோம்.

"அங்கன பாருங்க, எலை மேல" என்றார் அக்கா.

அகலமான ஓர் இலையின் மேல் அது ஒருக்களித்துக் கிடந்தது. அசைவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன கணக்கு டீச்சர்தான் முதலில் அழுதாள். "பஸ்ஸுல எம்புட்டுக் குலுங்குச்சோ, பாவம்" என்று விசும்பினாள். விளையாட்டு டீச்சர் மீன் பிடிக்கும் சின்ன வலையைத் தொட்டிக்குள் விட்டு அதை மெல்லத் தொட்டாள்.

தொட்டதும் மீன் எகிறியது. தொட்டியைத் தாண்டி, டார்ச் வெளிச்சத்தைத் தாண்டி, நாங்கள் திருத்தி அடுக்கியிருந்த விடைத்தாள் கட்டின்மேல் வந்து விழுந்து துள்ளியது. நாங்கள் மூவரும் கத்தினோம். அக்கா கட்டில்மேல் ஏறிவிட்டார். கணக்கு டீச்சர் மட்டும் கண்ணீரைக்கூடத் துடைக்காமல் இரண்டு கையையும் குவித்து அதை அள்ளித் தண்ணீரில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி அதே இலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

"தூங்குதுடீ!" என்றாள் கணக்கு டீச்சர். "இவ்வளவு நேரமும் தூங்கத்தான் செஞ்சிருக்கு!"

கரண்ட் வந்தபோது அக்கா கட்டில்மேல் நின்றபடியே வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

மறுநாள் தொட்டிக்கு வலைமூடி போட்டோம். இரண்டு நாள் கழித்து அக்கா வந்து பார்த்துவிட்டு, "யாரு டீச்சர் தண்ணிக்குள்ள சோப்பப் போட்டது?" என்றார். ஒரு மூலையில் தண்ணீர்மேல் வெள்ளையாய் நுரை திரண்டிருந்தது. அதற்கடியில் ஃபைட்டர் காவல் நின்றது. ஆண் மீன் மனசுக்குப் பிடித்த இடத்தில்தான் இப்படி நுரைக்கூடு கட்டும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு மூன்று பேரும் ஒழுங்காகச் சோறு பொங்கி, அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பிட்டோம்.