இளைஞர் என்று போட்ட நோட்டீஸ்

முப்பது வருடம் அடுத்தவர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். வேலூரில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் வேலை. என் அண்ணன்மார் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் ஜீப்பில் ஜவ்வாது மலையேறி "உங்க வூட்ல எத்தன பேரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வேலை என்னவென்று பெரிய அண்ணனுக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்குப் பெண் பார்த்த இடத்தில் "சர்வே ஆபீசர்" என்று சொல்லிவைத்தார். நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும். சிரித்தாலும் குற்றமில்லை.

1. கூட்டம் போட்டேன்

ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கத்து இளைஞர்களுக்கு முதலில் என்ன தேவை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதித் தர வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். ரிப்போர்ட் மாவட்டக் குழுவுக்குப் போகும். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். பட்டியலில் முதலாவதாக இருப்பதை அந்த வருடமே எடுத்துச் செய்வார்கள். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஜூலையில் நானே நோட்டீஸ் எழுதினேன். "இளைஞர் கலந்தாய்வுக் கூட்டம். அனைத்து இளைஞர்களும் வருக." நடுவில் 'க்' வருமா வராதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

கூட்டத்துக்கு முதலில் வந்தவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. வெள்ளைச் சட்டை.

"வணக்கங்க. நான்தான் இளைஞரணி" என்றார்.

"எந்த ஊருங்க?"

"இதே ஊருதான். போன மாசம்தான் பையனுக்கு கண்ணாலம் பண்ணேன்."

இளைஞர் சார்பாக அவர் இருபது நிமிடம் பேசினார். பிறகு பையன்கள் பேசினார்கள். ஒருவன் எழுந்து, "ஜிம் வேணும் சார்" என்றான். உடனே எல்லாக் கைகளும் மேலே போயின. தினமும் புளி மூட்டை தூக்குகிற பையன்கள் ஜிம் கேட்கிறார்களே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "முதல் தேவை: உடற்பயிற்சிக் கூடம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

எதிரே குழாயடியில் ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் இல்லை. பார்த்துச் சிரித்தும் வைத்தேன். பிறகு ஆபீசுக்கு வந்து, "பெண்கள் பங்கேற்க ஆர்வம் காட்டவில்லை. கலாசாரத் தடைகள் காரணமாக இருக்கலாம்" என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இது ஒரு வசதி. கலாசாரம் என்று போட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

2. போட்டோ எடுக்கப் போனேன்

ஆகஸ்ட் குழுவுக்கு ரிப்போர்ட் போய்விட்டது. எங்கள் இயக்குநர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆபீசில் எல்லோருக்கும் மேடம். ஒருநாள் கூப்பிட்டார்.

"சார், புக்லெட் போடப் போறோம். எல்லாப் படத்துலயும் ஆம்பளைங்களா இருக்காங்க. அட்டைக்கு ஒரு பொண்ணு படம் வேணும்."

ஆக, பங்கேற்க ஆர்வமில்லை என்று நான் எழுதிய பெண்களில் ஒருத்தியைப் படம் பிடிக்க மறுபடி மலையேறினேன். காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு, பஸ் நிற்கும் இடத்தில் காலேஜ் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் கஸ்தூரி. திருப்பத்தூரில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம்.

"போட்டோ எதுக்கு சார்?"

"இளைஞர் ரிப்போர்ட்டுக்கும்மா."

"அதுல நாங்க எங்க சார் வர்றோம்?"

"ஏம்மா, நீயும் இளைஞர்தான?"

"அப்படியா? நோட்டீஸ பாத்தோம். இளைஞர்னு போட்டிருந்துச்சி. பசங்களுக்குன்னு நெனச்சோம். கிரிக்கெட் மேட்சுக்கும் அப்டிதான் போடுவாங்க."

"பொண்ணுங்களும் வரலாம்னு போட்டிருந்தா?"

"கொடத்த வெச்சிட்டு வந்திருப்போம். எதிர்லதான நின்னுகினு இருந்தோம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் பழக்கதோஷம், அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"வந்திருந்தா இன்னா கேட்டிருப்ப?"

"பஸ்ஸு சார்."

காலையில் கீழே போக ஒரே பஸ். எட்டு மணிக்கு வர வேண்டியது. திருப்பத்தூர் சேரும்போது பத்தாகிவிடும். காலேஜ் ஒன்பதரைக்கு. ஆக, தினமும் முதல் வகுப்பு ஆப்சென்ட். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. ஷேர் ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும்.

"அட்டெண்டன்ஸ் இன்னும் கொறஞ்சா நவம்பர் பரீட்ச எழுத வுட மாட்டாங்க சார். ஒரு மணி நேரம் முன்னாடி பஸ்ஸ வுட்டா போதும்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். ஜூனிலிருந்து தேதிவாரியாக, பஸ் இங்கே வந்த நேரம், அங்கே சேர்ந்த நேரம். தான் பொய் சொல்லவில்லை என்று காலேஜில் காட்டுவதற்காக எழுதிவந்தாளாம். அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கட்டுக்கட்டாகக் கேள்வித்தாள் நிரப்பியவன் நான். அதில் எங்கேயும் பஸ் என்ற சொல்லே கிடையாது.

3. தப்பு என்று சொல்லப் போனேன்

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கையெழுத்து நீங்கதான போட்டீங்க சார்? நீங்களே போய் தப்புன்னு சொல்லிட்டு வாங்க."

அடுத்த குழு அக்டோபரில் கூடியது. கஸ்தூரியையும் வரச் சொன்னேன். என் பவர்பாயின்ட்டில் முப்பது ஸ்லைடு. மூன்றாவதிலேயே, குழுவுக்குத் தலைமை வகித்த அதிகாரி கை காட்டி நிறுத்தினார்.

"பீடிகை போதும் சார். டேட்டா எங்க?"

கஸ்தூரி எழுந்து நோட்டைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு கேட்டார். "சாம்பிள் சைஸ் எவ்ளோம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். "எத்தன பஸ்ஸ பாத்து எழுதுனன்னு கேக்கறாரு" என்று மெதுவாகச் சொன்னேன்.

"இருக்கறதே ஒண்ணுதான் சார்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலில் ஜிம்முக்கு மேலே பஸ்ஸை எழுதிக்கொண்டார். தீபாவளி கழிந்து பஸ் ஏழு மணிக்கு வர ஆரம்பித்தது. அன்று எனக்கு இருந்த பெருமை, பஸ்ஸை நானே ஓட்டிக்கொண்டு போனதைப் போல இருந்தது.

4. வெற்றிக் கதை எழுதினேன்

டிசம்பரில் புக்லெட் அச்சாகி வந்தது. அட்டையில் கஸ்தூரி. உள்ளே இரண்டு பக்கத்துக்கு நான் எழுதிய 'ஒரு மலைப்பெண்ணின் வெற்றிக் கதை'. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரில் கொடுக்கப் போனேன். அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றேன்.

"நல்லா எழுதிக்கிறீங்க சார். ஆனா நான் பரீட்ச எழுதாதது இதுல இல்லியே."

"எந்தப் பரீட்சம்மா?"

"போன மாசம் நடந்தது. பஸ்ஸு நேரம் மாறறதுக்குள்ள அட்டெண்டன்ஸ் கணக்க முடிச்சிட்டாங்க. பத்தலன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருசம் ஜூனியருங்களோட ஒக்காந்து எழுதணும். கமிட்டிக்கு வந்த அன்னிக்கும் ஆப்சென்ட்டுதான் சார்."

கமிட்டிக்கு அவளை வரச் சொன்னவன் நான். அன்றைய அட்டெண்டன்ஸ் என் மண்டையில் ஏறவே இல்லை.

"மொத கூட்டத்துலயே எங்கள கூப்ட்டிருந்தா எழுதிருப்பேன்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

"ஆமா சார்" என்றாள்.

"அதெல்லாம் இல்ல சார்" என்று சொல்வாள் என்று எங்கேயோ நினைத்திருந்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

ஆபீசுக்கு வந்து, கதையைத் திருத்த வேண்டும் என்றேன். "அச்சாயிடுச்சே சார், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார் மேடம். இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு அடுத்த பதிப்பு கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சரி என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்கு வந்துவிட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினால் ஓய்வு வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அந்தக் கதையை நான்கைந்து கருத்தரங்குகளில் வாசித்துக் கைதட்டலும் வாங்கினேன்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எழுதியதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், அதில் வருகிற ஆளிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும். வந்ததை எழுதுங்கள். நான் எழுதாமல் விட்ட வரியை இப்போது எழுதுகிறேன்: கஸ்தூரி அந்த நவம்பரில் பரீட்சை எழுதவில்லை. காரணம் நான்.