ஆட்டுக்கல்லைச் சுற்றி லத்தீன்

திருமுல்லைவாயிலில் ஆட்டுக்கல்லைச் சுற்றி வந்து லத்தீன் படித்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. இங்கிலீஷ் தெரிந்தவர்களையே எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், தோட்டத்து ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், கையில் கரண்டியோடு நின்று என் அம்மா லத்தீன் சொல்லிக்கொடுத்தாள். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. பாடம் என்னவோ அவனுக்குத்தான், ஆனால் என்னையும் சேர்த்துக்கொண்டால்தான் படிப்பேன் என்று அவன் அடம்பிடித்ததால் நானும் பண்டிதையானேன்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு நேர்ச்சை. அண்ணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் வந்து, வைத்தியர் கையை விரித்துவிட்டாராம். அம்மா கோயிலில் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து, இவனைப் பிழைக்க வைத்தால் உனக்கே சாமியாராகக் கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மனதுக்குள் நேர்ந்திருந்தால் அது அவளுக்கும் மாதாவுக்கும் உள்ள விவகாரமாகப் போயிருக்கும். அவள் தெருவே கூடியிருந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தாள். அண்ணன் பிழைத்தான். அன்று முதல் அவன் எங்கள் வீட்டில் இருந்தாலும் எங்களுக்குச் சொந்தமில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மாங்காய் திருடி மாட்டிக்கொண்டால்கூட, "இன்னா சாமியாரே, இதெல்லாம் அடுக்குமா?" என்றுதான் கேட்பார்கள்.

சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போல அல்ல. பெண்ணாவது ஆடிக்கும் பிரசவத்துக்கும் வருவாள். குருமடத்துக்குப் போனவன் வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போவான். படித்து முடித்து அங்கி போட்ட பிறகு, எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ அந்த ஊர்தான் அவனுக்கு வீடு. பெற்றவள் அவனைக் கட்டிக்கொண்டு அழக்கூட முடியாது, கையைத்தான் முத்தி செய்யலாம், முத்தமிட்டு விலகவேண்டியதுதான். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம், குருமடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிச்சோறு போடுவார்கள் என்பதுதான். அவன் மனப்பூர்வமாகச் சாமியாராகப் போவதற்குத் தயாராக இருந்தான்.

எங்கள் ஊர்க் கோயில் சின்னது, பாட்டுப் பூசையெல்லாம் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து ஒரு சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். அவர்தான் ஒருநாள், பாஸ்குப் பண்டிகை கழிந்ததும் பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கிற குருமடத்தில் பையன்களை எடுக்கப் போகிறார்கள் என்றார். அங்கே பெரிய சாமியார் ஒருவர், பிரான்சு தேசத்துக் கிழவர், ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டு லத்தீனில் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்பாராம். நாக்கு வளைகிற பையனாக இருந்தால் எடுத்துக்கொள்வாராம். வீட்டிலேயே பழக்கி வையுங்கள் என்று சொல்லி, பூசைக்கு உதவி செய்கிற பையன்கள் சொல்லவேண்டிய பதில்கள் அச்சடித்த மெல்லிய புத்தகம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். லத்தீன்தான், ஆனால் தமிழ் எழுத்தில் இருந்தது.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அப்படிச் சுலபமாக எதுவும் முடிந்தால் பிடிக்காது.

நைனா, அதாவது எங்கள் அப்பா, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற வேலை. உலகத்தில் எல்லாவற்றையும் முறைப்படி செய்யவேண்டும் என்பது அவருடைய கொள்கை. பட்டணத்துக்குப் போய் ஒரு பழைய புத்தகக் கடையில் தடியான லத்தீன் இலக்கணம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, ஏதோ பசுமாடு வாங்கி வந்தவரைப் போலப் பெருமையாகத் தெருவே பார்க்கும்படி நடந்தார். திறந்து பார்த்தால் லத்தீனுக்கு அர்த்தமெல்லாம் இங்கிலீஷில் போட்டிருந்தது. நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ், சிக்னல் இறங்கவும் ஏறவும் தேவையான அளவுதான். நடுவில் படங்கள் வேறு இருந்தன. முழங்காலுக்கு மேலே பாவாடை கட்டிய சிப்பாய்கள், அந்தப் பாவாடையும் இல்லாத கல் சாமிகள். அம்மா படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு, "இத்தப் படிச்சா புள்ள சாமியாராவான்?" என்று கேட்டாள். நைனா புத்தகத்தை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

அடுத்து சித்தப்பா வந்தார். நைனாவின் தம்பி, பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் துரை மருந்துச் சீட்டில் எழுதுவதெல்லாம் லத்தீன், அதைப் படித்துக் கலக்கிக்கொடுப்பது தான்தான், ஆகவே செங்கல்பட்டு ஜில்லாவிலேயே தன்னைவிட்டால் லத்தீனுக்கு ஆள் இல்லை என்பது அவர் கட்சி. "லத்தீனுன்னா நம்ம டிபார்ட்மெண்டு, அண்ணி. நீ கவலைய உடு" என்று சொல்லி, பழைய சீட்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து அண்ணனுக்குப் பாடம் எடுத்தார். அண்ணனும் கெட்டிக்காரன், நாலே நாளில் கடகடவென்று ஒப்பித்தான். அம்மா ஒருநாள் அர்த்தம் கேட்டாள். சித்தப்பா கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னார்: சாப்பாட்டுக்கு முன்னால் வேளைக்கு இரண்டு கரண்டி, நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்.

"பெரிய சாமியாராண்ட போயி இதையா சொல்லப் போறான்?" என்றாள் அம்மா.

"சொன்னா இன்னா அண்ணி, அதுவும் லத்தீனுதானே" என்றார் சித்தப்பா. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோல்வி என்பது அவருக்குக் கடைசிவரை என்னவென்றே தெரியாது.

மிச்சம் இருந்தது சாமியார் கொடுத்துவிட்டுப் போன மெல்லிய புத்தகம். எந்த மடையனும் அதைத்தான் எடுத்திருப்பான். அம்மா அதையும் வேண்டாம் என்றாள். கத்தரிக்காயைக் காம்பு திருப்பிப் பார்ப்பது போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த எல்லா ஊரு பசங்களும்தான் சொல்லுவாங்க. கூட்டத்தோட கூட்டமா நம்ம புள்ளையும் சொன்னா யாரு சீந்துவாங்க?" என்றாள். பிறகு உள்ளே போய், தன் கல்யாணத்துக்கு வந்த தகரப் பெட்டியின் அடியிலிருந்து கறுப்புத் துணி ஒட்டிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அது அவளுடைய அப்பாவின் புத்தகம். அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. கடற்கரைப் பக்கத்தில் ஒரு பெரிய கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். பூசைக்குப் பாடுவது, மணி அடிப்பது, சாமியார் பின்னால் தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் அவர்தான். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். புத்தகத்தில் லத்தீன் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் தன் கையாலேயே அழகாக எழுதி வைத்திருந்தார். தலைப்பு இல்லை, அர்த்தம் இல்லை, பாட்டு மட்டும்தான்.

அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே அதில் ஒரு பாட்டைக் காட்டி, "இதான் பாடம். நானே சொல்லித் தர்றேன்" என்றாள். நைனா சந்தேகமாகப் பார்த்தார். "படிச்சது வீணாப் போவாது. ஒரு நாளைக்கு எனக்காவது ஒதவும்" என்றாள். அந்தப் பேச்சில் ஒரு உறுதி இருந்தது. நைனா டூட்டிக்குப் போய்விட்டார்.

தினமும் சாயங்காலம் பாடம். நின்ற இடத்தில் நின்றால் அண்ணன் தூங்கிவிடுவான் என்று, ஆட்டுக்கல்லைச் சுற்றி நடந்துகொண்டே பாடச் சொன்னாள். கையில் ஒரு மாவிலைக் கொத்து. சொம்புத் தண்ணீரில் தோய்த்து, பாட்டின் நடுவில் கல்லின்மேல் தெளிக்கவேண்டும். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன், கடைசி அடியை எதிர்ப்பாட்டாகப் பாடுவேன். ராகம் மெதுவாக, கிணற்றுக்குள் இறங்குவது போல இருக்கும். அண்ணனுக்கு அப்போது மணியான குரல். பக்கத்து வீட்டார் வேலியோரம் வந்து நின்று கேட்டுவிட்டு, சாமியாராகவே ஆகிவிட்டான் என்று சொல்லிப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் கால் வலித்ததென்று நான் அந்தக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் என்னைச் சுற்றி வந்து பாடியபடி என்மேல் தண்ணீர் தெளித்தான். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என் கையைப் பிடித்து இழுத்து இறக்கி, முதுகில் ஒன்று வைத்தாள். என்னை அவள் அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் தரித்திரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்கு கழிந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, பருத்திப்பட்டு ஏரிக்கரை வழியாகக் குருமடத்துக்குப் போனோம். அண்ணனுக்குப் புது வேட்டி. வழியெல்லாம் அம்மா அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெரிய சாமியார் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் படுத்தாற்போல உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது என்று சொன்னாலும் நம்பலாம். தாடி மார்பில் கிடந்தது, கையை மார்பின்மேல் கோத்து வைத்திருந்தார், கண் பாதி மூடியிருந்தது. இரண்டு இளம் சாமியார்கள் பக்கத்தில் நின்றார்கள். நைனா மரியாதைக்குப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். "தம்பி, லத்தீன் சொல்லும்" என்றார் கிழவர்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தான். அப்படி ஒரு குரலை அந்த வராந்தா கேட்டிருக்காது. இரண்டாவது அடியில் இளம் சாமியார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு நடக்காமல் பாடிப் பழக்கமில்லை. சுற்றிவர ஆட்டுக்கல்லும் அங்கே இல்லை. ஆகவே சாய்வு நாற்காலியைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். நான் விடுவேனா? பின்னாலேயே போய் எதிர்ப்பாட்டுப் பாடினேன். மூலையில் தண்ணீர்க் கூஜா இருந்தது. அண்ணன் அதில் கையை நனைத்து, பெரிய சாமியாரின் தலைமுதல் கால்வரை முறையாகத் தெளித்தான்.

ஒரு இளம் சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். இன்னொருவர் அண்ணனின் தோளைப் பிடித்து நிறுத்தி, "டேய், இது சாவுப் பூசையில பொணத்துக்குப் பாடறதுடா" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

கிழவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் இல்லை. அம்மாவைக் கிட்டே வரச்சொன்னார். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"இதைக் கற்பித்தது யார்?"

"நான்தான் சாமி."

"உமக்கு இது எதற்கான பாட்டு என்று தெரியாதோ?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க நைனா கோயில்பிள்ள, சாமி" என்றாள். இந்த நேரத்தில் வம்சப் பெருமை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தார். "எத்தனை பிள்ளைகள்?"

"பொறந்தது நாலு, சாமி. கீறது ரெண்டு. இவன மாதாவுக்கு நேந்துக்கினேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீர் கொடுத்தீர். ஆண்டவர் வாங்கிக்கொண்டார். வாங்கியதை இப்போது உம்மிடமே திருப்பித் தருகிறார். இனிமேல் நேர்ச்சை ஒன்றும் இல்லை. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போம்." அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "நன்றாகப் பாடுகிறான். ஆனால் எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்து முத்தி செய்தவள் விடவே இல்லை. விம்மி விம்மி அழுதாள். நம்மைத் துரத்திவிட்ட மனிதரின் கையை எதற்கு இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அவமானமாக இருந்தது.

வண்டியில் நைனா கோபத்தில் குதித்தார். "சாவுப் பாட்டாடி சொல்லிக்குடுத்தே? மானம் போச்சே."

"எனக்கு இன்னா தெரியும்? தமிழ் எழுத்துல இருந்துச்சு, படிச்சேன்" என்றாள் அம்மா. குமணன்சாவடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அரைச் சேர் ஆட்டுக்கறி வாங்கினாள். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அண்ணன் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டே வந்தான். அவ்வளவு பெரிய பையனை மடியில் போட்டுக்கொண்டு வருவது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்குச் சிரிப்பு வேண்டுமானாலும் அந்தக் கதைதான். கிழவருக்கு உயிரோடு கருமாதி செய்த அம்மா, எழுத்துத் தெரியும் அர்த்தம் தெரியாத அம்மா என்று சித்தப்பா நடித்தே காட்டுவார். அம்மா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். நானும் வெகுகாலம் அவளை ஒன்றும் தெரியாதவள் என்றே நம்பினேன். தன் தகப்பன் பின்னால் ஒவ்வொரு சாவுப் பூசைக்கும் போன பெண், இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள், அந்தக் கறுப்புப் புத்தகத்தில் இருப்பது என்னவென்று அறியாமலா எடுத்தாள்? இந்தக் கேள்வி எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் வந்தது. நேர்ச்சையை முறிக்க அவளுக்குப் பயம். பிள்ளையைக் கொடுக்கவும் மனமில்லை. நடுவில் கிடைத்த ஒரே வழியை அவள் தைரியமாகப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கேட்கலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அண்ணன் ரயில்வேயில் சேர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். அவள் கண்ணை மூடியது நல்ல மழைக்காலத்தில். அப்போதும் கோயிலில் லத்தீன்தான். வந்த சாமியார் சின்ன வயதுக்காரர், கூடப் பாட ஆள் இல்லை, பாதியில் தடுமாறினார். அண்ணன் எழுந்து நின்றான். சவப்பெட்டியைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டே, அதே பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைசிவரை பாடினான். கடைசி அடியை நான் எடுத்துக்கொடுத்தேன். கோயிலில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள்.

ஒரு நாளைக்கு எனக்காவது ஒதவும் என்று அம்மா சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. எட்டு வயதில் அதைக் கேட்டபோது, அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து லத்தீன் படிக்கப் போகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.